இரண்டரை விரல் இடைவெளி

ஞாயிற்றுக்கிழமை, காலை ஐந்தே முக்கால். கோவையில் வடவள்ளியிலிருந்து ஆர்.எஸ்.புரம் போகும் வழியில், ஒரு வேகத்தடையின் குறுக்கே நூல் பிடித்துக் குந்தியிருந்தேன். கையில் ஸ்டீல் டேப், சட்டைப் பையில் சின்ன நோட்டு. எதிர்ப்புற டீக்கடைக்காரர் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு டீயை ஆற்றியபடி கேட்டார்: "ஏனுங்க, புதுசா ரோடு போடப் போறீங்களா?"

"இல்லீங்க. என் காருக்கு ஸ்பிரிங் மாத்தப் போறேன்."

அதற்கு மேல் அவர் எதுவும் கேட்கவில்லை. ஒரு டீயை மட்டும் சர்க்கரை தூக்கலாகக் கொடுத்தார். புத்தி பேதலித்தவனுக்கு இனிப்பு நல்லது என்று நினைத்திருக்கலாம்.

காரைக் கொஞ்சம் தாழ்த்தி, நல்ல அலாய் வீல் போட்டு ஓட்ட ஆசைப்படுகிறவர்கள் வழக்கமாகப் போவது வீல் கடைக்கு. நான் முதல் தடவை அப்படித்தான் போனேன், கெட்டேன். இரண்டாவது தடவை தெருவுக்குப் போனேன். அன்றாடம் நான் போய்வரும் வழியில் பதினோரு வேகத்தடைகள். பதினொன்றையும் அளந்த பிறகுதான் எத்தனை மில்லிமீட்டர் தாழ்த்தலாம் என்று முடிவெடுத்தேன். இந்தக் கட்டுரை முழுக்க அந்த ஒரு மில்லிமீட்டர் கணக்கிலிருந்து கிளைத்ததுதான்.

இந்தியன் ரோட்ஸ் காங்கிரஸ் வேகத்தடைக்கு ஓர் அளவு வகுத்திருக்கிறது. உயரம் 10 செ.மீ., அகலம் 3.7 மீட்டர், வளைவின் ஆரம் 17 மீட்டர். கார் 25 கி.மீ. வேகத்தில் ஏறி இறங்கலாம். என் ஸ்விஃப்டின் முன் சக்கரத்துக்கும் பின் சக்கரத்துக்கும் இடையே உள்ள தூரம் 2.43 மீட்டர். மேடு அதைவிட அகலம். ஆகவே வண்டி முழுவதும் மேட்டின் மேல் ஏறி உட்கார்ந்துவிடும். அந்த நிலையில் வண்டியின் வயிற்றுக்கு அடியில் மேடு எழும்பி நிற்பது எவ்வளவு? ஆரத்தை வைத்துக் கணக்குப் போட்டால் வெறும் 43 மி.மீ. பத்து சென்டிமீட்டர் மேடு, வண்டியின் அடிக்கும் தரைக்கும் நடுவே உள்ள கிளியரன்ஸில் பாதிகூடத் தின்பதில்லை. விதிப்படி கட்டிய வேகத்தடையைத் தாழ்த்திய கார் சிரித்துக்கொண்டே தாண்டும்.

ஆனால் நம் தெருவில் இருப்பது அது இல்லையே. தார் மிச்சமிருந்தால் ஒரு மேடு, கல்யாண மண்டபத்துக்காரர் சொன்னால் ஒரு மேடு, பள்ளிக்கூடத்து வாசலில் இரண்டு. அகலம் இரண்டடிகூட இருக்காது. இந்தக் குறுகல் மேட்டில் முன் சக்கரம் ஏறி இறங்கிவிடும்; பின் சக்கரம் இன்னும் ஏறியிருக்காது. நான்கு சக்கரமும் சமதரையில், நட்டநடுவில் மேடு. அப்போது மேட்டின் முழு உயரமும் வயிற்றுக்கு நேர்கிறது. 15 செ.மீ. மேடு என்றால் 15 செ.மீ.யும். கம்பெனி உயரத்திலேயே நாலு பேரோடு போனால் அடி இடிக்கும் இடங்கள் இவை.

என் பதினொன்றில் விதிப்படி இருந்தவை நாலு. மற்றவற்றில் ஒன்று 15 செ.மீ.; உயரத்தில் அதற்கடுத்தது 11. கம்பெனி சொல்லும் கிளியரன்ஸ் 170 மி.மீ. ஆள் ஏறினால் ஏறக்குறைய 30 மி.மீ. அமுங்கும். அந்த 15 செ.மீ. மேட்டுக்கு ஒரு தெரு சுற்றிப் போக வழியுண்டு. எனவே 11 செ.மீ. மேட்டை ஆளோடு தாண்டினால் போதும். 170-இல் 30 போனால் 140. அதில் 110 போனால் மிச்சம் 30. அதிகபட்சம் 28 மி.மீ. இறக்கலாம் என்று நோட்டில் எழுதி வட்டம் போட்டேன். அந்த ஒரு இடத்தில் மட்டும் ஊர்ந்துதான் போக வேண்டும்.

அழகு என்ன கெட்டுவிட்டது?

"எதுக்குங்க இதெல்லாம், கம்பெனிக்காரன் தெரியாமலா அந்த உயரத்துல வெச்சான்?" என்று மாமனார் கேட்டார். நியாயமான கேள்வி. பதிலும் அதற்குள்ளேயே இருக்கிறது: கம்பெனிக்காரன் தெரிந்துதான் வைத்தான், ஆனால் நம் சாலைக்காக உயர்த்தி வைத்தான். ஃபோக்ஸ்வாகன் போலோ ஐரோப்பாவில் நிற்கும் உயரம் வேறு, இங்கே விற்ற போலோவின் உயரம் வேறு. பல கார்கள் இப்படித்தான். வடிவமைத்தவர் மனதில் இருந்த நிற்கும் அழகு, இங்கே வந்து சேரும்போது வேட்டியைத் தூக்கிக் கட்டிக்கொண்டு சேற்றில் இறங்கியவர் மாதிரி ஆகிவிடுகிறது.

டயருக்கும் மேலே உள்ள மட்கார்ட் வளைவுக்கும் நடுவே கையை விட்டுப் பாருங்கள். கம்பெனி உயரத்தில் நாலு விரல் தாராளமாக நுழையும். ஒன்றரை விரல் குறைந்து இரண்டரை விரல் ஆனால் கண்ணுக்கு நிறைவாக இருக்கிறது. ஒன்றரை விரல் என்பது ஏறக்குறைய 28 மி.மீ. என் நோட்டில் இருந்த எண்ணும் அதுவே. இதற்கும் கீழே, விரலே நுழையாத அளவுக்கு இறக்குவது வேறொரு பொழுதுபோக்கு; அது கண்காட்சிக்கு. அன்றாடம் ஆபீஸ் போகிறவனுக்கு இல்லை.

கம்பெனிக்காரர்களே இறக்கிக் காட்டிய கதை ஒன்று எங்கள் ஊரோடு சேர்ந்தது. கோவையின் ஜெயம் ஆட்டோமோட்டிவ்ஸும் டாடா மோட்டார்ஸும் கைகோத்து 2018-இல் டியாகோ ஜே.டி.பி. என்ற வேக ரகத்தைக் கொண்டுவந்தன. பந்தயத்தில் பழம் தின்று கொட்டை போட்ட ஊர் இது. பந்தய வீரர் கரிவரதன் மாருதி எஞ்சினை வைத்து ஃபார்முலா மாருதி பந்தயக் கார் கட்டிய ஊர், செட்டிபாளையத்தில் அவர் பெயரிலேயே பந்தயத் தடம் இருக்கும் ஊர். அப்படிப்பட்டவர்கள் அந்தக் காரை எவ்வளவு தாழ்த்தினார்கள் தெரியுமா? 4 மி.மீ. அவ்வளவுதான். மற்ற வேலையை எல்லாம் ஸ்பிரிங்கின் இறுக்கத்திலும் ஷாக் அப்சார்பரிலும் டயரிலும் செய்தார்கள். இறக்கிய உயரம் வேகத்துக்கான காரணம் இல்லை என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டாம். நாம் 28 மி.மீ. இறக்குவது பெரும்பாலும் கண்ணுக்காக. அதை நேர்மையாக ஒத்துக்கொண்டு, அந்தக் கண்ணாசைக்கு ஓட்டும் தரம் பலியாகாமல் பார்த்துக்கொள்வதே வேலை.

ரெண்டு சுத்து வெட்டிட்டா போதுமுங்க

முதல் தடவை கெட்டேன் என்றேன் அல்லவா? வண்டி வாங்கிய புதிது. பதினேழு அங்குல வீல் வாங்கி மாட்டிவிட்டேன். மாட்டியதும் மட்கார்ட் இடைவெளி இன்னும் பெரிதாகத் தெரிந்தது. ஒரு பட்டறைக்குப் போனேன். எந்தப் பட்டறை என்பது இங்கே முக்கியமில்லை. "புது ஸ்பிரிங் எதுக்குங்க காசக் கொட்டறீங்க? ரெண்டு சுத்து வெட்டிட்டா போதுமுங்க. வண்டி கும்முனு உக்காந்துக்கும்" என்றார் அங்கிருந்த அண்ணன். அரை நாள் வேலை. வண்டி உட்கார்ந்தது உண்மை. மறுநாள் ஒரு பாலத்து இணைப்பில் குதித்தபோது முன்பக்கம் 'டங்' என்று இரும்போடு இரும்பு மோதும் சத்தம். அதற்கடுத்த வாரம், ஜாக்கி வைத்துத் தூக்கியபோது ஒரு பக்கத்து ஸ்பிரிங் தன் இருக்கையை விட்டு விலகித் தொங்கியது. சாலையில் ஒரு பள்ளத்தில் சக்கரம் முழுக்கக் கீழே இறங்கி மீண்டும் மேலே வரும்போது அது கோணலாக உட்கார்ந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று யோசித்தால் இப்போதும் வயிற்றைக் கலக்குகிறது.

வெட்டுவதில் என்ன தப்பு? ஸ்பிரிங்கின் கடைசிச் சுற்று அதன் இருக்கைக்கு ஏற்றபடி வளைத்துச் செய்யப்பட்டது. வெட்டியதும் அந்த அமைப்பு போய்விடும். பிசிறான முனை இருக்கையைக் குத்தும். இன்னொன்று, சுற்று குறையக் குறைய ஸ்பிரிங் இறுகும். ஐந்தரைச் சுற்று வேலை செய்யும் ஸ்பிரிங்கில் ஒன்றை வெட்டினால் இறுக்கம் 22 சதவீதம் கூடிவிடும். ஷாக்கோ பழைய இறுக்கத்துக்குச் செய்தது. அதனால் வண்டி ஒரு பள்ளத்துக்கு மூன்று முறை குதிக்கும். சிலர் வெட்டாமல் கேஸ் வைத்துச் சுட வைத்து இறக்குவார்கள். அது வெட்டுவதைவிட மோசம். சூட்டில் எஃகின் பதம் போய்விடும். நாள்பட ஸ்பிரிங் தானாகவே அமுங்கிக்கொண்டு போகும். ஒரு நாள் உடையும்.

ஆக, தாழ்த்துவதற்கென்றே செய்த ஸ்பிரிங்தான் வழி. ஜெர்மனியின் ஐபாக் 1951-இலிருந்து ஸ்பிரிங் செய்கிறது. அதன் புரோ-கிட் வரிசை பெரும்பாலான கார்களை 30 மி.மீ. அளவில் இறக்கும். ஹெச் அண்ட் ஆர், ஜப்பானின் டெயின் போன்றவையும் உண்டு. உங்கள் காரின் மாடலுக்கென்று கிடைக்கிறதா என்பதே முதல் கேள்வி. கிடைத்தால் பெட்டியில் எழுதியிருக்கும் முன்பக்க, பின்பக்கத் தாழ்வு எண்களைப் பாருங்கள். நம் ஊரில் பின் சீட்டில் மூன்று பேர், டிக்கியில் ஊருக்குப் போகும் மூட்டை என்பது சகஜம். பின்பக்கம் முன்பக்கத்தைவிடக் குறைவாக இறங்கும் ஜோடியே நல்லது. பின்பக்கம் தொங்கிய கார் பார்க்கவும் சகிக்காது. ஹெட்லைட்டும் எதிரே வருகிறவர் கண்ணில் அடிக்கும்.

இனி, யாரும் விளக்கிச் சொல்லாத கணக்கு ஒன்று. சக்கரம் மேலே ஏறும்போது பம்ப் ஸ்டாப் ரப்பரில் முட்டுவதற்கு முன் 80 மி.மீ. இடம் இருந்தது என்று வைத்துக்கொள்ளுங்கள். 30 மி.மீ. தாழ்த்தியதும் மிச்சம் 50. அதே பள்ளத்தின் அதே அடியை 80-இல் தாங்கியதை இப்போது 50-இல் தாங்க வேண்டும். ஸ்பிரிங் சேமிக்கும் ஆற்றல் அமுங்கும் தூரத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. எண்பதை ஐம்பதால் வகுத்து வர்க்கப்படுத்தினால் 2.56. ஸ்பிரிங் மட்டுமே அந்த அடியைத் தாங்குவதானால் இரண்டரை மடங்கு இறுக்கம் வேண்டும். 40 மி.மீ. இறக்கினால் நாலு மடங்கு. இது தோராயக் கணக்குதான். ஷாக்கும் ரப்பரும் பங்கு வாங்கிக்கொள்ளும். ஆனாலும் இரண்டரை மடங்கு இறுகிய ஸ்பிரிங்கில் யார் உட்காருவது? சந்தையில் விற்கும் தாழ்த்தும் ஸ்பிரிங்குகள் கம்பெனி ஸ்பிரிங்கைவிடக் கொஞ்சம்தான் இறுக்கம். மீதி அடியை பம்ப் ஸ்டாப் வாங்கும். நல்ல பம்ப் ஸ்டாப் மெதுவாக இறுகும் பஞ்சு ரப்பர். மலிவானது கட்டை. பட்டறைக்காரர் "இது இடிக்குதுங்க, எடுத்துடலாம்" என்று அதைக் கழற்றி எறியப் பார்ப்பார். விடாதீர்கள். நீளம் குறைத்து மாட்ட வேண்டுமானால் மாட்டலாம், இல்லாமல் ஓட்டக்கூடாது.

இதனால்தான் 30 மி.மீ.க்கு மேல் போகாதீர்கள் என்று பிடிவாதமாகச் சொல்கிறேன். முப்பது வரை ஸ்பிரிங்கும் நல்ல ஷாக்கும் சமாளிக்கும். அதைத் தாண்டினால் எதை வாங்கினாலும் ஒட்டுப்போடும் வேலைதான்.

ஷாக்கை முதலில் வாங்குங்கள்

கையில் இருக்கும் பணம் ஒன்றுக்குத்தான் போதும் என்றால், ஸ்பிரிங்குக்கு முன் ஷாக் அப்சார்பர். அறுபதாயிரம் கி.மீ. ஓடிய கம்பெனி ஷாக்கின் மேல் புது ஸ்பிரிங் போடுவது, கிழிந்த பாயின் மேல் பட்டு விரிப்பது. பில்ஸ்டைன் கம்பெனி இதற்கென்றே இரண்டு ரகம் வைத்திருக்கிறது: கம்பெனி உயரத்துக்கு பி6, தாழ்த்திய காருக்குக் குட்டை உடம்போடு பி8. இந்தக் குட்டை உடம்பு சும்மா இல்லை. தாழ்ந்த கார் எப்போதும் ஷாக்கின் பாதிக்குக் கீழே நிற்கிறது. சாதாரண ஷாக்கின் தண்டு அடியில் போய் முட்டும். குட்டை ஷாக்கில் அந்த இடம் திரும்பக் கிடைக்கிறது. ஸ்பிரிங் தொளதொளத்து இருக்கையை விட்டு விலகுவதையும் அது தடுக்கிறது.

காயில்ஓவர் பற்றி இளைஞர்கள் கண்ணில் நட்சத்திரத்தோடு கேட்கிறார்கள். ஸ்பிரிங்கும் ஷாக்கும் ஒரே தண்டில், உயரத்தைத் திருகி மாற்றலாம். நல்லதுதான். ஆனால் நான் பார்த்த பத்துப் பேரில் ஒன்பது பேர் வாங்கிய மறுநாள் ஒரு தடவை திருகிவிட்டு, அதன் பிறகு தொட்டதே இல்லை. மழையும் சேறும் சேர்ந்தால் அந்தத் திருகு வளையம் இறுகிப்போய்விடும்; பிறகு சுத்தியல் கொண்டுதான் திருப்ப வேண்டும். மிதமாக ஒரே உயரத்தில் ஓட்டப் போகிறவருக்கு நல்ல ஸ்பிரிங், நல்ல குட்டை ஷாக், அவ்வளவு போதும். வாங்கியே தீருவேன் என்றால், உயரத்தை அடி உடம்பில் தனியாகவும், ஸ்பிரிங்கின் முன்னழுத்தத்தைத் தனியாகவும் சரிசெய்யும் வகையாகப் பாருங்கள். ஸ்பிரிங் இருக்கையை இறக்கி மட்டுமே தாழ்த்தும் மலிவு வகை மேலே சொன்ன குறைகளையே வேறு பெயரில் விற்கிறது.

வேலை முடிந்ததும் உடனே வீல் அலைன்மென்ட் செய்துவிட்டு, ஐநூறு கி.மீ. ஓடி ஸ்பிரிங் படிந்த பிறகு மறுபடியும் செய்யுங்கள். கார் தாழ்ந்ததும் முன் சக்கரங்களின் தலை உள்ளே சாயும்; டோ, அதாவது மேலிருந்து பார்த்தால் சக்கரங்களின் முன்பக்கம் உள்ளேயோ வெளியேயோ திரும்பியிருக்கும் கோணம், மாறும். சாய்வு கொஞ்சம் கூடினால் டயருக்குப் பெரிய ஆபத்தில்லை. உள் ஓரம் மழுங்கிப் போவதற்குப் பெரும்பாலும் டோதான் காரணம். ஸ்விஃப்ட், ஐ20, சிட்டி போன்ற நம் ஊர்க் கார்களில் முன்பக்கம் மெக்ஃபர்சன் ஸ்ட்ரட். அதன் லோயர் ஆர்ம், அதாவது சக்கரத்தை வண்டியோடு இணைக்கும் கீழ்க் கை, சக்கரத்தை நோக்கிக் கீழே சரிந்திருப்பதே இயல்பு. அளவுக்கு மீறி இறக்கினால் அது சமமாகி, பிறகு மேல்நோக்கித் திரும்பிவிடும். அப்போது வண்டி சாயும் மையப் புள்ளி, வண்டி தாழ்ந்ததைவிட வேகமாகக் கீழே போய்விடுகிறது. விளைவு வேடிக்கையானது: தாழ்த்திய கார் வளைவில் முன்னைவிட அதிகம் சாயும். பந்தயக் கார் போல ஆக வேண்டும் என்று 60 மி.மீ. இறக்கியவர்கள் "ஏனோ தள்ளாடுதுங்க" என்று புலம்புவது இதனால்தான்.

இப்போது வீல்

வீலைக் கடைசியில் வைத்ததற்குக் காரணம் உண்டு. ஸ்பிரிங் முடிவான பிறகே எவ்வளவு அகல வீல் உரசாமல் சுற்றும் என்று தெரியும்.

பதினேழு அங்குல வீல் மாட்டியதும் இடைவெளி குறையும் என்று நான் நம்பியது சுத்த அறியாமை. இடைவெளியைத் தீர்மானிப்பது வீல் இல்லை, டயரின் வெளி விட்டம். எங்கள் வண்டிக்குக் கீழ் ரகத்தில் கம்பெனி கொடுத்தது 165/80 ஆர்14. விட்டம் 620 மி.மீ. மேல் ரகத்தில் 185/65 ஆர்15, 621.5. பதினாறு அங்குலத்தில் 195/55 போட்டால் 621. மூன்றும் ஏறக்குறைய ஒரே உயரம். ஸ்பீடோமீட்டர் பொய் சொல்லாது. மாறுவது டயரின் பக்கச் சுவர் மட்டும்: 132 மி.மீ., 120, 107. பதினேழு அங்குலத்தில் 205/45 என்றால் 92. இந்தச் சுவர்தான் நம் பள்ளங்களுக்குக் குஷன். தாழ்த்திய காரில் ஸ்பிரிங்கின் பயணத்தை ஏற்கெனவே குறைத்துவிட்டோம்; டயர்ச் சுவரையும் குறைத்தால் பள்ளம் நேரே ரிம்முக்குப் போய்ச் சேரும். பதினேழில் நான் வளைத்த ரிம்கள் இரண்டு. பதினாறோடு நிறுத்திக்கொள்ளுங்கள். பதினைந்தும் கேவலம் இல்லை. நல்ல வடிவத்தில், சரியான அகலத்தில் பதினைந்து போட்ட கார், பஞ்சரான பதினேழைவிட அழகு.

டயரின் பக்கத்தில் எழுதியிருக்கும் எடை எண்ணையும் பாருங்கள். 88 என்றால் ஒரு டயர் 560 கிலோ தாங்கும்; 87 என்றால் 545. சின்ன வித்தியாசம்போலத் தெரிந்தாலும், கம்பெனி கொடுத்த எண்ணுக்குக் கீழே போகாதீர்கள். அதே 195/55 ஆர்16-இல் 91 எண்ணோடு கெட்டி ரகமும் வருகிறது. அது 615 கிலோ.

பிறகு பொருத்தம். ஜாதகம்போல நாலு பொருத்தம் பார்க்க வேண்டும். பி.சி.டி. முதல் பொருத்தம்: போல்ட் எத்தனை, எந்த வட்டத்தில். ஸ்விஃப்டுக்கு நாலு போல்ட், 100 மி.மீ. வட்டம். இந்தியப் போலோவுக்கு ஐந்து, 100. ஃபியட் புன்டோவுக்கு நாலு, ஆனால் 98. "ரெண்டு மில்லிதானே" என்று 98-இல் 100-ஐ மாட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். நட்டுகள் கோணலாக இறுகி, ஓடும்போது கழலும். கேட்டாலே ஓடிவிடுங்கள். நடு ஓட்டை இரண்டாவது: ஸ்விஃப்ட் ஹப் 54.1 மி.மீ., கடை வீல்களின் ஓட்டை பெரும்பாலும் அதைவிடப் பெரிது. நடுவில் வளையம் போடாவிட்டால் எண்பதைத் தாண்டியதும் ஸ்டீயரிங் நடுங்கும். பேலன்சிங் செய்து செய்து காசு கரையும். நட்டின் இருக்கை மூன்றாவது: கடை வீல்களுக்குக் கூம்பு நட்டு, ஹோண்டா கம்பெனி நட்டுக்கும் ஃபோக்ஸ்வாகன் கம்பெனி போல்ட்டுக்குமோ உருண்டை முகம். பழைய நட்டையே புது வீலில் மாட்டினால் ஓரத்தில் மட்டும் பிடிக்கும். மாட்டி நூறு கி.மீ. ஓடியதும் டார்க் ரெஞ்சால் மறுபடி இறுக்கிப் பார்த்துவிடுங்கள்.

நாலாவதுதான் ஆஃப்செட், ஈ.டி. என்று வீலின் உள்ளே அச்சிட்டிருக்கும். வீலின் நடுக்கோட்டிலிருந்து ஹப்பில் ஒட்டும் முகம் எத்தனை மில்லி வெளிப்பக்கம் தள்ளி இருக்கிறது என்பதன் கணக்கு. பழைய வீல் ஐந்தரை அங்குல அகலம், ஈ.டி. 45 என்று வைத்துக்கொள்வோம். புதியது ஆறரை அங்குலம், ஈ.டி. 42. அகலம் ஓர் அங்குலம் கூடியதால் இரு பக்கமும் 12.7 மி.மீ.; ஆஃப்செட் 3 குறைந்ததால் அந்த 3 வெளிப்பக்கம் போகும். ஆக வெளியே 15.7, உள்ளே 9.7 மி.மீ. நகரும். இந்த இரண்டு எண்ணையும் எழுதிக்கொண்டு, டேப்போடு வண்டிக்கு அடியில் படுத்து, உள்ளே ஸ்ட்ரட்டுக்கும் டயருக்கும் எவ்வளவு இடம், வெளியே மட்கார்ட் மடிப்புக்கு எவ்வளவு இடம் என்று பாருங்கள். வீல் வளைவை நிறைத்து நிற்பதே பாதி அழகு. சரியான ஆஃப்செட் வாங்கியவர் இன்னும் 10 மி.மீ. தாழ்த்தியதுபோலத் தோன்ற வைக்கலாம். கிளியரன்ஸ் ஒரு மில்லிகூடக் குறையாமல்.

மாட்டியதும் நண்பர்கள் நாலு பேரைப் பின்னால் ஏற்றி, ஸ்டீயரிங்கை முழுக்கத் திருப்பி, ஒரு மேட்டில் ஏற்றிப் பார்க்கச் சொல்வேன். உரசல் சத்தம் எங்கிருந்து வருகிறது என்று அப்போது தெரியும். கடை வாசலில் காலி வண்டியில் தெரியாது.

எடை. வீலின் எடையைக் கடைக்காரர் சொல்லமாட்டார். எங்கள் தெரு மளிகைக்கடைத் தராசு சொன்னது. அந்தப் பதினேழு அங்குல வீல் பத்து கிலோவைத் தாண்டியது. பழைய பதினான்கு ஏழு கிலோகூட இல்லை. டயர் தவிர்த்து ஒரு சக்கரத்துக்கே மூன்று கிலோவுக்கு மேல் அதிகம். ஜப்பானின் ரேஸ் கம்பெனி 1996-இல் கொண்டுவந்த டி.இ.37 என்ற ஆறு கம்பி வீல், உலகில் அதிகம் நகலெடுக்கப்படும் வடிவங்களில் ஒன்று. அசல் அடித்து உருவாக்கியது. அதனால் இளைத்தும் வலுவாகவும் இருக்கிறது. நகலோ வார்த்தது, அதே வடிவத்துக்கு அதே வலு வர உலோகத்தைக் கூட்டிக் கொட்ட வேண்டும், அல்லது வலுவைக் குறைத்துவிட வேண்டும். இரண்டில் எது நடந்திருக்கிறது என்று பெயின்ட்டுக்கு அடியில் தெரியாது. ஸ்பிரிங்குக்குக் கீழே தொங்கும் ஒவ்வொரு கிலோவையும் ஷாக்தான் அடக்க வேண்டும். நல்ல ஷாக் வாங்கிக் கனமான வீல் மாட்டினால் போட்ட காசு பாதி வீண். ஜே.டபிள்யூ.எல்., வி.ஐ.ஏ. போன்ற தர முத்திரைகள் வீலில் வார்ப்பாகவே இருக்க வேண்டும். ஸ்டிக்கராக ஒட்டியிருந்தால் நம்பாதீர்கள். வார்ப்பில் இருந்தாலும், கூடவே தயாரித்தவரின் பெயர் இருக்கிறதா என்று தேடுங்கள்.

போலீஸ்காரர் நிறுத்தினால்?

இந்தப் பகுதியை எழுதாமல் தப்பிக்கப் பார்த்தேன், மனசாட்சி விடவில்லை. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு, தயாரிப்பாளர் கொடுத்த அசல் விவரங்களுக்கு முரணாக வண்டியை மாற்றக்கூடாது என்கிறது. கேரளத்திலிருந்து வந்த வழக்கு ஒன்றில் 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் அதை அப்படியே உறுதிசெய்தது. கம்பெனியே மேல் ரகத்துக்குக் கொடுத்திருக்கும் வீல், டயர் அளவில் நிற்பது பாதுகாப்பானது. அதைத் தாண்டிப் போகிறவர் தெரிந்தே போகிறார். ஸ்பிரிங் மாற்றம் கண்ணுக்குத் தெரியாது என்று நினைக்க வேண்டாம். விபத்துக்குப் பிறகு இன்ஷூரன்ஸ் சர்வேயர் வண்டியின் கீழே குனிந்து பார்ப்பார். மாற்றியதை இன்ஷூரன்ஸ் கம்பெனிக்கு எழுத்தில் தெரிவித்து, பதிலையும் எழுத்தில் வாங்கிவைத்துக்கொள்வது என் வழக்கம். அதற்கு அவர்கள் கூடுதல் பிரீமியம் கேட்டால் கட்டிவிடுங்கள்.

என் வண்டி இப்போது முன்னால் 26, பின்னால் 20 மி.மீ. தாழ்ந்து நிற்கிறது. நோட்டில் வட்டம் போட்ட 28-ஐவிட இரண்டு குறைவு. பெட்டியில் எழுதியிருந்ததும் தரையில் வந்ததும் அவ்வளவு நெருங்கியதே பெரிய விஷயம். அளந்தது தரையிலிருந்து இல்லை. டயர் மாறினால் அந்த எண்ணும் மாறிவிடும். ஹப் நடுவிலிருந்து மட்கார்ட் விளிம்பு வரை, மாற்றும் முன்னும் பின்னும் அளந்து கழித்தேன். வீட்டு வாசல் ஏற்றத்தில் மூக்கு உரசுமோ என்று பயந்திருந்தேன். கோணலாக ஏற்றினால் உரசுவதில்லை. அந்த 11 செ.மீ. மேட்டையும் அப்படித்தான் தாண்டுகிறேன், ஒரு சக்கரம், பிறகு ஒரு சக்கரம். பின்னால் வரும் ஆட்டோக்காரர் ஹாரன் அடிப்பார். அடிக்கட்டும்.

கடைசியாக, பழைய கார் பார்க்கப் போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. வண்டி கொஞ்சம் தாழ்ந்து, அழகாக, புது வீலோடு நின்றால் விலை பேசும் முன் ஸ்டீயரிங்கை முழுக்கத் திருப்பி, முன் சக்கரத்துக்கு உள்ளே டார்ச் அடித்து ஸ்பிரிங்கின் முனையைப் பாருங்கள். கம்பெனி முனை பெயின்ட்டோடு வழவழப்பாக இருக்கும். கிரைண்டர் அறுத்த முனை பளபளத்தோ துருப்பிடித்தோ, பிசிறோடு சதுரமாக இருக்கும். அப்படி இருந்தால் சாவியைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வந்துவிடுங்கள்.